கிராணி எழுதாத பேர்

4 ஜனவரி 2011

தைப்பூசத்துக்குத் தேங்காய் பேசி முடித்தாயிற்று. பாகான் டத்தோ தோப்புக்காரச் சீனத் தவுக்கே இந்த வருஷமும் சின்னக் காயைக் கலந்து தள்ளப் பார்த்தார். லாரி மேல் ஏறி நின்று நானே தட்டிப் பார்த்துத்தான் இறக்கினேன். கோயிலில் உடைக்கிற காய்தானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று நினைப்பு.

மத்தியானம் மணப்பாறையிலிருந்து தங்கை பவளம் கூப்பிட்டாள். அம்மா விடியக்காலையில் போய்விட்டதாம். சாயங்காலம் எடுக்கிறார்களாம். "கொள்ளி யாருண்ணே வைக்கிறது?" என்றாள். உன் மகனை வைக்கச் சொல் என்றேன்.

மனைவி இந்திராணி கடையை அடைக்கச் சொன்னாள். அடைத்து என்ன செய்வது? வாழையிலைக் கட்டுகளுக்குத் தண்ணீர் தெளித்தேன். இருட்டுகிற வரைக்கும் தெளித்தேன்.

6 ஜனவரி

மொட்டை போட்டுக்கொண்டேன். என் கடை இருக்கிற பாசாரில் கேட்டவர்களிடம் தைப்பூச வேண்டுதல் என்று சொன்னேன்.

9 ஜனவரி

இன்று கடை விடுமுறை. எழுதிவிடுகிறேன், மனசில் வைத்துக்கொண்டிருந்தால் வேலை ஓடவில்லை.

அம்மாவைக் கடைசியாகப் பார்த்தது பினாங்குத் துறைமுகத்தில், 1970இல். குடியுரிமை இல்லாதவர்கள் பெர்மிட் இல்லாமல் தோட்டத்தில் வேலை செய்யக்கூடாது என்று ஆனது அப்போதுதான். அப்பாவுக்குப் பெர்மிட் கிடைக்கவில்லை. குடும்பத்தோடு ஊருக்குக் கப்பலேற வேண்டியதாயிற்று. பாஸ்போர்ட்டில் பிள்ளைகள் பேரைச் சேர்க்கப் பிறப்புப் பத்திரம் கேட்டார்கள். பவளத்துக்கு இருந்தது. எனக்கும் இருக்கிறது என்று அம்மா பிஸ்கட் டின்னைத் திறந்து, நான் பிறந்ததிலிருந்து பொத்திப் பொத்தி வைத்திருந்த தாளை எடுத்து நீட்டினாள். பாஸ்போர்ட் ஆபீசில் இருந்தவர் பார்த்துவிட்டு, "இது அம்மை குத்தின சீட்டும்மா" என்றார்.

தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி வேலாயுதம் கொடுத்த தாள் அது. ஆத்துக்கரைத் தோட்டத்தில் யார் வீட்டில் பிள்ளை பிறந்தாலும் ஆபீஸ் கிராணியிடம் போய்ப் பேர் கொடுக்க வேண்டும். அவர்தான் எழுதிப் பதியச் செய்து பத்திரம் வாங்கித் தருவார். அம்மா முப்பது நாள் கழிந்து என்னைத் தூக்கிக்கொண்டு போய்ப் பேர் கொடுத்திருக்கிறாள். "இதுதான் பத்திரம், தண்ணி படாம வச்சிக்க" என்று அந்தச் சீட்டைக் கொடுத்து அனுப்பியிருக்கிறான். படிக்கத் தெரியாதவளுக்கு இரண்டும் ஒன்றுதான். எனக்கு எட்டு வயசில் பவளம் பிறந்தபோது வேறு கிராணி வந்துவிட்டார். அதனால் அவள் தப்பித்தாள்.

என்ன கோபம் என்றால், அப்பா ஒரு சைக்கிள் வாங்கியிருந்தார். கிராணியைக் கண்டால் சைக்கிளில் போகிறவன் இறங்கித் தள்ளிக்கொண்டு போக வேண்டும், அது தோட்டத்து வழக்கம். அப்பா இறங்கவில்லை.

அவர்கள் மூன்று பேரும் கப்பலேறினார்கள். என்னைச் சித்தப்பாவிடம் விட்டார்கள். "அடுத்த கப்பல்ல வந்துருய்யா" என்றாள் அம்மா. எனக்குப் பன்னிரண்டு வயசு.

சுதந்திரத்துக்கு அடுத்த வருஷம் இந்த மண்ணில் பிறந்தவன் நான். அந்தப் பத்திரம் இருந்தால் நான் மனுவே போட வேண்டாம், பிறப்பிலேயே பிரஜை. அது இல்லாததால் அடையாள அட்டை, பிரஜைகளுக்கு உள்ள நீல ஐசி இல்லை, சிவப்பு ஐசி. அதில் பிறந்த இடம், உறுதி செய்யப்படவில்லை என்று போட்டிருக்கிறது. மூன்று தடவை குடியுரிமை கேட்டு மனுப் போட்டேன். முதல் மனுவுக்குப் பதிலே இல்லை. இரண்டாவதுக்கு நேர்காணல், நான் பேசுகிற சந்தை மலாய் போதாது என்றார்கள். மூன்றாவதுக்கு ஒரு வரி வந்தது, நிராகரிக்கப்பட்டது என்று. கடை உரிமம் இந்திராணி பேரில். வீடு இந்திராணி பேரில். லாரி மகள் பேரில். ஓட்டு கிடையாது, பாஸ்போர்ட் கிடையாது.

போனில் பேசும்போதெல்லாம் அம்மா கடைசியில் ஒன்றைத்தான் சொல்வாள். "என் தப்புதான்யா. படிச்சவங்க யார்கிட்டயாவது ஒரு தடவ காட்டிக் கேட்டிருக்கணும்."

கிராணி வேலாயுதம் செத்திருப்பான் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

18 ஜனவரி

சாகவில்லை.

கம்பாரில் ஒரு முருகன் கோயிலுக்குத் தேங்காய் இறக்கப் போனேன். புது வாடிக்கை. கோயில் செயலாளர் உள்ளே பார்த்து, "கிராணி ஐயா, தேங்கா வந்திருச்சு!" என்று குரல் கொடுத்தார். வெள்ளை வேட்டி, கையில் மடக்கிய குடை, அதே மூக்கு. கோயில் தலைவராம். இந்த வயசிலும் தோட்டத்து ஆபீசுக்குப் போகிற நடை.

"காயெல்லாம் முத்தின காயா தம்பி?"

"முத்தின காய்ங்கய்யா."

ஒரு காயை எடுத்து, காதோரம் வைத்து ஆட்டிப் பார்த்துவிட்டுத் தலையசைத்தான். எல்லாவற்றையும் இறக்கிக் கொடுத்துவிட்டுக் கிளம்பினேன். திரும்பும்போது என் கடை இருக்கிற பீடோரைத் தாண்டிப் போய், தாண்டியது தெரியாமல், சுங்கை வரைக்கும் போய்விட்டேன்.

25 ஜனவரி

பதிவு இலாகாவுக்குப் போனேன். என் கோப்பைப் பார்க்கிற மலாய் அம்மா, புவான் ஜமிலா, நல்ல மாதிரி. என்னை அனுப்பிவைக்க அவசரப்படாத ஒரே ஆள் அங்கே அவர்தான். மாமாவைக் கூப்பிடுகிற மாதிரி என்னைப் பாக் சிக் என்றுதான் கூப்பிடுவார். தாமதமாகப் பிறப்பைப் பதிவு செய்யலாம், ஆனால் நீங்கள் பிறந்தபோது பெரிய ஆளாக இருந்த ஒருவர் சாட்சி சொல்ல வேண்டும், சொந்தக்காரராக இருக்கக்கூடாது என்றார். ஆத்துக்கரைத் தோட்டத்துக் கிராணியே உயிரோடு இருக்கிறார் என்று சொன்னேன். பேனாவைக் கீழே வைத்தார்.

"பாக் சிக், அவரே கையெழுத்துப் போட்டால் வேறு யாரும் வேண்டாம். மூன்று மாதத்தில் நீல ஐசி வாங்கிவிடலாம்."

எனக்கு இரண்டு காரியம் இருக்கிறது. ஒன்று கையெழுத்து. இன்னொன்று அவன் மானம். முதலில் மானத்தை எடுத்தால் கையெழுத்து வராது. ஆகவே கையெழுத்து முதலில்.

2 பிப்ரவரி

நாளை சீனப் பெருநாள். பாசார் மூடியிருந்தது. ஒரு கட்டு இலையும் ஒரு சீப்புப் பழமும் எடுத்துக்கொண்டு அவன் வீட்டுக்குப் போனேன். தனியாகத்தான் இருக்கிறான். மனைவி இல்லை. மகன் பாலசேகரன் கோலாலம்பூரில் வங்கி மேலாளர், மாசம் ஒரு தடவை வருவானாம். வீட்டு வேலைக்கு இருந்த இந்தோனேசியப் பெண் போய்விட்டாளாம்.

"தம்பி யாரு? தேங்கா போட்ட ஆளுதானே?"

"ஆமாங்கய்யா. தண்ணிமலை. ஆத்துக்கரைத் தோட்டம்."

"ஆத்துக்கரையா!" முகம் மலர்ந்துவிட்டது. "அங்கதான்பா என் முதல் உத்தியோகம். யாரு மகன் நீ?"

"மருதமுத்து மகன்."

"எந்த மருதமுத்து?" கண்ணை மூடி யோசித்தான். திறந்தபோது முகத்தில் மலர்ச்சி இல்லை. "சைக்கிள் மருதமுத்துவா?"

மறந்துவிட்டேன் என்று சொல்வான், மறுப்பான் என்று எல்லாவற்றுக்கும் தயாராகப் போயிருந்தேன். அவன் எதையும் மறுக்கவில்லை.

"உங்கப்பன் ஒருத்தன்தான் இறங்கல. துரை பங்களாவிலேருந்து பாத்துக்கிட்டு நின்னாரு. என்னைக் கூப்பிட்டு, என்ன கிராணி, உன் ஆளுங்களே உன்ன மதிக்கிறதில்லையான்னு கேட்டாரு. எனக்கு அப்ப இருபத்தஞ்சு வயசு."

"அதுக்காக என் பேர எழுதாம விட்டீங்களா?"

"வேற எப்படி அவனுக்குப் புரியவைக்கிறது? அடிச்சா யூனியன் வந்துரும். இன்னைக்கு ஒருத்தன் இறங்கலேன்னா நாளைக்குப் பத்துப் பேரு இறங்கமாட்டான்."

"அவருக்குப் புரிஞ்சிச்சா?"

"எங்க புரிஞ்சிச்சு. மறுநாளும் இறங்கல." குடையை எடுத்துத் தரையில் தட்டினான். "தேத்தண்ணி குடிக்கிறியா?"

குடித்தேன். கையெழுத்து வாங்க வந்தவன் தேத்தண்ணியை வேண்டாம் என்று சொல்லக்கூடாது.

11 பிப்ரவரி

இடியாப்பம் கொண்டுபோய்க் கொடுத்தேன். பிஸ்கட்டைத் தண்ணீரில் நனைத்துத் தின்றுகொண்டிருந்தான்.

19 பிப்ரவரி

லாரி கியர் பெட்டி போய்விட்டது. இலை வரத்தும் குறைவு. கேமரன் மலையடிவாரத்தில் யானை இறங்கித் தோப்பை மிதித்துவிட்டதாம்.

கிராணிக்குச் சர்க்கரை வியாதி, இனிப்பு நீர் அதிகம். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய்க் காட்டினேன். தாதி, "அப்பாவா?" என்றாள். இல்லை, சாட்சி என்றேன். அவளுக்குப் புரியவில்லை. அவன் சிரித்தான்.

27 பிப்ரவரி

அவன் வீட்டுக் கூரை ஒழுகுகிறது. இரண்டு ஓடு மாற்றிவிட்டு இறங்கினேன். இந்திராணிக்குப் பொறுக்கவில்லை. "எங்கப்பாவுக்குக்கூட ஓடு மாத்தினதில்ல நீங்க" என்றாள். சாட்சி சளி பிடித்துச் செத்துப்போனால் யாருக்கு நட்டம் என்று கேட்டேன். வேறு எதற்காகவும் இல்லை.

14 மார்ச்

இன்று நடந்ததை இந்திராணியிடம் சொல்லவில்லை.

மனு எழுதுகிற ஜோசப் சாரைக் கம்பாருக்கே அழைத்துப்போனேன். கிராணி நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஒரு வார்த்தைகூடத் தடுமாறாமல் சொன்னான். அந்தக் காலத்து உத்தியோகஸ்தன் இல்லையா? ஜோசப் சார் எழுதினார். ஆத்துக்கரைத் தோட்டத்தில் இன்ன தேதியில் மருதமுத்துவுக்கும் அழகாயிக்கும் ஆண் குழந்தை பிறந்தது எனக்கு நேரடியாகத் தெரியும். தேதி சரியாகச் சொன்னான். மழை பெய்துகொண்டிருந்தது என்றும் சொன்னான், அதை ஜோசப் சார் எழுதவில்லை. சத்தியப் பிரமாண அதிகாரி முன்னால் கையெழுத்துப் போட்டான். முத்திரை விழுந்தது. தாளை வாங்கிக்கொண்டு லாரிக்கு வந்தேன்.

லாரியில் உட்கார்ந்து ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தேன். கடைசிக்கு முந்தின வரி: பெற்றோர் கல்வியறிவு இல்லாதவர்கள் என்பதால் பிறப்பைத் தெரிவிக்கத் தவறிவிட்டனர்.

திரும்பி உள்ளே போனேன்.

"எங்கம்மா வந்து சொன்னாங்களா இல்லியா?"

"சொன்னா. உன்னைக் கையில வச்சிக்கிட்டு ஆபீசு வாசல்ல நின்னா."

"அப்புறம் ஏன் தவறிட்டாங்கன்னு எழுதுனீங்க?"

"டேய், உனக்கு என்னா வேணும்? நீல ஐசி வேணும். அதுக்கு வேண்டியது அதுல இருக்கு. செத்துப்போனவ மேல எழுதினா அவளுக்கு என்னா குறைஞ்சிரும்? நான் எழுதலைன்னு எழுதச் சொல்றியா? நான் இங்க கோயில் தலைவர். என் மகன் பேங்கு மேனேஜர்."

அவன் சொல்வது வியாபாரத்துக்குச் சரி. நானாக இருந்தாலும் அப்படித்தான் சொல்லியிருப்பேன். கையில் சரக்கு இருக்கிறது, முத்திரை இருக்கிறது, நாளைக்கே புவான் ஜமிலாவிடம் கொடுக்கலாம்.

அவன் முகத்துக்கு நேரே கிழித்தேன். ஜோசப் சார், "ஐயோ!" என்று கத்தினார்.

15 மார்ச்

என்ன ஆயிற்று என்று இந்திராணி கேட்டாள். எழுத்துப்பிழை, திருப்பி அடிக்க வேண்டும் என்றேன்.

3 ஏப்ரல்

சித்திரைப் புத்தாண்டு வருகிறது, இலைக்கு அடிதடி. மூன்று வாரமாகக் கம்பார் பக்கம் போகவில்லை. கையெழுத்து வாங்கிய பிறகுதான் மானம் என்று இருந்தேன். இப்போது இரண்டையும் ஒரே தாளில் வாங்கப்போகிறேன்.

ஜூனில் அவன் கோயிலுக்குக் கும்பாபிஷேகம். அன்னதான மண்டபத்துக்கு அவன் பேர் வைக்கிறார்கள், பொன்னாடை, மாலை எல்லாம் உண்டு. கும்பாபிஷேகம் முடிகிற வரைக்கும் எல்லாப் பந்திக்கும் இலை என் செலவு என்று செயலாளரிடம் சொன்னேன். கையைப் பிடித்துக்கொண்டார். மேடையில் உபயக்காரர் பேச இரண்டு நிமிஷம் வேண்டும் என்றேன். "ரெண்டு என்னா, அஞ்சே எடுத்துக்கங்க!"

6 ஏப்ரல்

போய்ச் சொன்னேன்.

"மைக்குல என்னா பேசப் போற?" என்று கேட்டான்.

"சைக்கிள் பத்தி."

குடையைத் தேடினான், எட்டவில்லை. நானும் எடுத்துக் கொடுக்கவில்லை.

"வேணாம்பா."

தோட்டத்து ஆள் யாரிடமும் அவன் வேண்டாம் என்று கேட்டிருக்க மாட்டான். அந்த ஒரு வார்த்தையைப் பிறகு வீடு வந்து சேருகிற வரைக்கும் மென்றுகொண்டே வந்தேன். ஆனால் அவன் எதிரில் விட்டுக்கொடுக்கவில்லை.

"ஆபீசுல ஒரு புவான் முன்னால சொல்றீங்களா, இல்ல கோயில்ல ஊரு முன்னால நான் சொல்லட்டுமா? நீங்களே எடுத்துக்குங்க. ஆபீசுல உள்ளத உள்ளபடி சொல்லிட்டா, மைக்க நான் தொடமாட்டேன்."

"நீ உங்கப்பன் மாதிரி இல்ல. அவன் நேரா வருவான்."

"அவரு நேரா வந்துதான் நான் இப்படி நிக்கிறேன். நான் வியாபாரி."

24 மே

சாட்சிக்கு வயசாகிவிட்டதால் குடும்பத்தார் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும் என்று இலாகாவில் சொல்லியிருந்தார்கள். அந்தச் சட்டத்தை எழுதியவர் யாரோ, நன்றாக இருக்கட்டும். மகன் பாலசேகரன் லீவு போட்டு வந்திருந்தான். நல்ல பிள்ளை. "அப்பாவை நீங்கதான் பாத்துக்கிறீங்கன்னு கேள்விப்பட்டேன் அங்கிள், ரொம்ப நன்றி" என்று கை கொடுத்தான்.

புவான் ஜமிலா மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டார். பிறந்தது தெரியுமா? தெரியும். எந்த இடத்தில்? லயத்து வரிசை வீட்டில், மருத்துவச்சி பார்த்தாள். தேதி? சொன்னான்.

"அப்படியானால் ஏன் பதியவில்லை?"

கிராணி மகனைப் பார்த்தான். பிறகு என்னைப் பார்த்தான். நான் சுவரில் இருந்த கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"தாய் வந்து சொன்னாள். நான் எழுதவில்லை" என்றான் மலாயில். குரல் நடுங்கவில்லை.

"ஏன்?"

"அவள் புருஷன் என்னைப் பார்த்துச் சைக்கிளை விட்டு இறங்கவில்லை."

புவானுக்குப் புரியவில்லை. மறுபடியும் கேட்டார். அவன் மறுபடியும் சொன்னான். அம்மை குத்திய சீட்டைப் பத்திரம் என்று சொல்லிக் கொடுத்ததையும் சொன்னான். பாலசேகரன், "அப்பா, என்னப்பா சொல்றீங்க?" என்று தமிழில் கேட்டான். பாலசேகரன் என் பக்கம் திரும்பினான். முகம் பேயறைந்த மாதிரி இருந்தது. நான் அதைப் பார்த்தேன், நன்றாகவே பார்த்தேன். பன்னிரண்டு வயசில் துறைமுகத்தில் என் முகம் எப்படி இருந்தது என்று எனக்குத் தெரியாது, இப்படித்தான் இருந்திருக்கும்.

புவான் எழுதியதை வாசித்துக் காட்டினார். கிராணி கையெழுத்துப் போட்டான். எனக்கு ஒரு நகல் கிடைத்தது.

வாசலில் பாலசேகரன் என்னிடம், "நீங்களே அப்பாவைக் கொண்டுபோய் விட்டுருங்க அங்கிள்" என்று சொல்லிவிட்டுக் காரை எடுத்துக்கொண்டு போய்விட்டான். இலை லாரியின் முன் சீட்டில் கிராணியை ஏற்றினேன். ஏற முடியவில்லை, இடுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டியிருந்தது. காகிதம் மாதிரி இருந்தான்.

கோப்பேங் தாண்டியதும் கேட்டான். "இப்பத் திருப்திதானே?"

"இல்ல" என்றேன்.

உண்மையைச் சொன்னால், திருப்திதான். அவனிடம் ஏன் சொல்ல வேண்டும்?

12 ஜூன்

கும்பாபிஷேகம். பேசிய பேச்சு பேச்சு, இலை எல்லாம் இறக்கிக் கொடுத்தேன், ஒரு கிழிசல் கிடையாது. தலைவர் நாற்காலி காலியாக இருந்தது. உடம்பு சரியில்லை என்று மகன் எழுதிக் கொடுத்து விலக வைத்துவிட்டானாம். மண்டபத்துக்கு வெறும் அன்னதான மண்டபம் என்றே பலகை மாட்டியிருந்தார்கள். மைக்கை என்னிடம் நீட்டினார்கள். "எல்லாரும் நல்லா சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கினேன்.

21 ஜூன்

பாஸ்போர்ட் எடுக்க என்னென்ன வேண்டும் என்று மகளை விசாரிக்கச் சொன்னேன். பவளத்துக்கும் போன் பண்ணிச் சொன்னேன், அம்மா தலைத் திதிக்கு நானே வந்து நிற்பேன் என்று. வீட்டுக்கு வெள்ளையடிக்கப் போகிறாளாம்.

19 ஜூலை

கடிதம் வந்தது. நேரே இலாகாவுக்குப் போனேன். புவான் ஜமிலா கதவைச் சாத்திவிட்டுப் பேசினார்.

"பாக் சிக், மேலிடத்தில் கேட்கிறார்கள். பொய்த் தாளைக் கொடுத்தேன் என்று ஒருவர் தம் வாயாலேயே சொல்கிறார். அதே வாய் சொல்கிற பிறந்த தேதியை மட்டும் எப்படி நம்புவது? இவர் அல்லாத இன்னொரு சாட்சி கொண்டு வாருங்கள் என்கிறார்கள். நான் எழுதிப் பார்த்தேன். ஒத்துக்கொள்ளவில்லை."

"அவர் பொய் சொல்லியிருந்தால்?"

கேட்டிருக்கக் கூடாது. அவர் கொஞ்சம் யோசித்தார். "பெற்றோர் தெரிவிக்கவில்லை என்று சாதாரணமாக எழுதியிருந்தால் இந்நேரம் உங்கள் கையில் இருந்திருக்கும்" என்றார்.

20 ஜூலை

இந்திராணி மார்க்கெட்டில் ஜோசப் சாரைப் பார்த்திருக்கிறாள். அவர் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார்.

"கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, கையில கொடுத்தத கிழிச்சீங்களா?"

"அதுல அம்மா மேல பழி போட்டிருந்தான்."

"அத்தைதான் செத்துப் போயிட்டாங்களே! அந்தப் பேப்பர யாரு படிக்கப் போறா? ஆபீசு அலமாரிக்குள்ள கெடக்கப் போவுது. முப்பது வருசமா எல்லாம் என் பேருல, எல்லாத்துக்கும் நான் கையெழுத்து, எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா நீங்க எங்க போயி நிப்பீங்க? அதெல்லாம் நெனச்சீங்களா?"

நினைக்கவில்லை. அவள் சமைக்கவில்லை. வாழையிலை விற்கிற நான் ஒரு கடையில் போய்த் தோசை வாங்கித் தின்றேன்.

4 செப்டம்பர்

ஹரிராயா நோன்புப் பெருநாள் கூட்டம் ஓய்ந்தது. ஆத்துக்கரைத் தோட்டத்து ஆட்களைத் தேடிக்கொண்டு அலைகிறேன். ரப்பர் போய்த் தோட்டம் இப்போது எண்ணெய்ச் செம்பனை, லயம் இருந்த இடம் தெரியவில்லை. மருத்துவச்சி செத்துவிட்டாள். தோட்டத்து ஆஸ்பத்திரி டிரஸ்ஸர் செத்துவிட்டார். ஆயாக் கொட்டகையில் பிள்ளை பார்த்த சின்னப்பொண்ணு ஒருத்தி ஈப்போவில் அடுக்குமாடியில் இருக்கிறாள் என்று கேட்டு ஏறிப் போனேன். என்னைப் பார்த்ததும் அழுது கையைப் பிடித்துக்கொண்டாள். யாரோ கோவிந்தன் என்று நினைத்துக்கொண்டாள். கிளம்புகிற வரைக்கும் கோவிந்தன்தான் நான்.

23 அக்டோபர்

தீபாவளிக்கு மூன்று நாள். கம்பாரில் ஒரு முதியோர் இல்லத்துக்கு இலை கொடுக்கப் போனேன். ஆர்டர் வந்த இடம், போக வேண்டியிருந்தது. கிராணி அங்கேதான் இருக்கிறான். மகன் கொண்டுவந்து விட்டானாம். ஜூனுக்குப் பிறகு வரவில்லையாம், மாசாமாசம் கட்டணம் மட்டும் வருகிறதாம். இதைத்தானே நான் கேட்டேன்.

"கெடச்சிச்சா?" என்றான்.

"இல்ல. நீங்க உண்மையைச் சொன்னதுனால உங்க சாட்சி செல்லாதாம்."

சிரிப்பான் என்று எதிர்பார்த்தேன். சிரித்திருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

"அந்தப் பேப்பர நீ கிழிச்சிருக்கக் கூடாது" என்றான்.

"எழுதாம இருந்தது நீங்க."

"ஆமா" என்றான்.

இந்திராணி கட்டிக் கொடுத்த முறுக்கில் பாதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். அவனுக்குப் பல் இல்லை என்பது லாரியில் ஏறிய பிறகுதான் நினைவு வந்தது. திரும்பிப் போய் வாங்கிக்கொள்ளவா முடியும்?

9 டிசம்பர்

நாலாவது மனு போட்டேன். நேர்காணலுக்குக் கூப்பிட்டால் மலாய் நன்றாகப் பேச வேண்டும் என்று மகள் பாடம் எடுக்கிறாள். தேசிய கீதம் பாடச் சொன்னாள். பாடினேன். சுதி சரியில்லை என்கிறாள்.

27 டிசம்பர்

சாயங்காலம் பவளத்துக்குப் போன் பண்ணினேன். அம்மாவின் தலைத் திதி பத்து நாளில் வருகிறது. கிராணி சாட்சியின் நகலை எடுத்து வைத்துக்கொண்டு அவளுக்குப் படித்துக் காட்டினேன். மலாயில் ஒரு தடவை, தமிழில் ஒரு தடவை. தாய் வந்து சொன்னாள். நான் எழுதவில்லை. அரசாங்கக் கோப்பில் ஏறிவிட்டது, யாரும் அழிக்க முடியாது, அம்மா மேல் ஒரு தப்பும் இல்லை என்று சொன்னேன்.

அவள் அழுதாள். "சாகுற அன்னைக்குக்கூட, நான் கேக்காம விட்டுட்டேனே, நான் கேக்காம விட்டுட்டேனேன்னுதாண்ணே சொல்லிக்கிட்டுக் கெடந்துச்சு. இப்ப நீ அந்தக் கிராணி வாயாலயே சொல்ல வச்சிட்டே. விடலல்ல நீ அவன?"

"விடல" என்றேன்.

"நல்லா வேணும் அவனுக்கு." மூக்கைச் சிந்தினாள். நானும் அவளும் கொஞ்ச நேரம் அவனைத் திட்டினோம். நன்றாக இருந்தது. எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அப்படிச் சேர்ந்து திட்டினோம்.

அப்புறம் அவள் கேட்டாள். "வீட்டுக்கு வெள்ளையடிச்சாச்சுண்ணே. நீ என்னைக்கு வர்ற?"

லைன் சரியில்லை, கேட்கவில்லை என்று சொல்லி வைத்துவிட்டேன்.

லைன் நன்றாகத்தான் இருந்தது.